ஆளுக்கு 500 என்று பிரிப்பதை நிறுத்துங்கள்

கேள்வி: எங்கள் குழுவில் எட்டுப் பேர். வாரந்தோறும் ஏறத்தாழ 4,000 பதிவுகள் சரிபார்ப்புக்கு வருகின்றன. ஸ்கேன் செய்த ஆவணத்தோடு பெயர், தேதி, தொகை ஆகியவற்றை ஒப்பிட்டு 'சரி', 'திருத்தப்பட்டது', 'திருப்பி அனுப்பு' என்று குறிக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் பணிப்பாய்வு மென்பொருளில் ஆளுக்கு 500 என்று வரிசை எண்படி ஒதுக்கிவிடுகிறேன். சிலர் புதன்கிழமையே முடித்துவிடுகிறார்கள். சிலருக்கு வெள்ளிக்கிழமை மாலையிலும் பாதி நிற்கிறது. யாராவது விடுப்பு எடுத்தால் அவர் பெயரில் உள்ளவை அப்படியே கிடக்கின்றன. ஒரு வாரம் எல்லாவற்றையும் பொதுவில் திறந்து வைத்துப் பார்த்தேன். எளிதானவற்றைச் சிலர் பொறுக்கி எடுத்தார்கள். ஒரே பதிவை இரண்டு பேர் திறந்ததில் ஒருவர் செய்த திருத்தம் காணாமல் போனது. இப்போது மேலாளர் எல்லாப் பதிவையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்கிறார். யார் எத்தனை முடித்தார்கள் என்ற பட்டியலும் கேட்கிறார். எப்படிப் பிரிப்பது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் முயன்ற இரண்டு முறைகளும் இரண்டு எல்லைகள். முதலாவதில் வேலை ஆளிடம் சிக்கிக்கொண்டது. இரண்டாவதில் எந்த வேலைக்கும் பொறுப்பாளி இல்லாமல் போனது. நான் சொல்வது இதுதான்: 4,000 பதிவுகளும் யார் பெயரிலும் இல்லாமல் ஒரே வரிசையில் நிற்கட்டும். கையில் இருந்ததை முடித்தவர் 'அடுத்தது' என்ற பொத்தானை அழுத்தட்டும். எதைக் கொடுப்பது என்பதை மென்பொருள் தீர்மானிக்கட்டும். கொடுத்த நொடியிலிருந்து முடியும்வரை அந்தப் பதிவு அவர் ஒருவருடையது.

ஆளுக்கு 500 என்பது பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பதிவுகள் ஒரே எடை கொண்டவை அல்ல. தெளிவாகத் தட்டச்சு செய்த ஆவணம் என்றால் அரை நிமிடத்தில் முடியும். கையெழுத்தில் உள்ளது, பாதி மங்கியது, இரண்டு பக்கங்களில் இரண்டு தேதி போட்டது என்றால் பத்து நிமிடம் போதாது. அதோடு நீங்கள் வரிசை எண்படி பிரிக்கிறீர்கள். ஒரே இடத்திலிருந்து வந்த மோசமான ஸ்கேன்கள் அடுத்தடுத்த எண்களில் வந்து நிற்கும். அவை முழுக்க ஒருவர் தலையில் விழும். வெள்ளிக்கிழமை பாதியில் நிற்பவர் மெதுவானவர் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அவருக்கு வந்த 500 எப்படிப்பட்டவை என்று ஒருமுறை திறந்து பாருங்கள். பல இடங்களில் இந்த ஒரு பார்வையே பழியைத் துடைத்துவிடுகிறது.

இன்னொன்று: யார் கையில் என்ன வரும், யார் எப்போது விடுப்பு எடுப்பார், எது கடினம் என்று உங்களுக்கு மிகக் குறைவாகத் தெரிந்த நேரம் திங்கட்கிழமை காலை. வாரத்தின் எல்லா முடிவுகளையும் அந்த நேரத்தில்தான் எடுத்துவிடுகிறீர்கள். எட்டு கவுண்டருக்கு எட்டு வரிசை வைத்தால் ஒரு வரிசை நகராமல் நிற்கும், பக்கத்துக் கவுண்டர் காலியாக இருக்கும். ஒரே வரிசை வைத்து, காலியான கவுண்டருக்கு அடுத்தவரை அனுப்பினால் அந்த நிலை வராது. உங்கள் வேலைக்கும் அதே கணக்குதான்.

மென்பொருளின் பெயரை நீங்கள் எழுதவில்லை. கமுண்டா, ஃப்ளோவபிள் போன்றவற்றில் ஒரு பணிக்கு 'அசைனி' (அதைச் செய்ய வேண்டியவர்) என்று ஒரு புலமும் 'கேண்டிடேட் குரூப்' (அதை எடுக்கக்கூடிய குழு) என்று வேறொரு புலமும் இருக்கும். நீங்கள் இப்போது அசைனியை நிரப்புகிறீர்கள். அதைக் காலியாக விட்டு, குழுவின் பெயரை மட்டும் இரண்டாவது புலத்தில் போடுங்கள். ஒருவர் 'க்ளெய்ம்' செய்யும்போது, அதாவது பணியைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும்போது, அவர் பெயர் அசைனியாக ஏறும். அதன்பின் வேறொருவர் அதே பணியை க்ளெய்ம் செய்ய முயன்றால் மென்பொருள் மறுத்துவிடும். வேறு மென்பொருள் என்றாலும் இந்த இரண்டு நிலைகளும், அதாவது 'குழுவுக்கு வந்துள்ளது', 'ஒருவர் எடுத்துவிட்டார்' என்ற பிரிவு, பெரும்பாலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும். உங்கள் அட்மினிடம் அந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

திருத்தம் காணாமல் போனதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் கண்டுபிடித்தது ஒன்று என்றால் கண்ணில் படாதவை இன்னும் இருக்கலாம். நடந்தது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். காலை 10:02க்கு முதலாமவர் பதிவைத் திறக்கிறார். தொகை 15,400 என்று இருக்கிறது. 10:04க்கு இரண்டாமவர் அதே பதிவைத் திறக்கிறார். அவர் திரையிலும் 15,400. முதலாமவர் ஆவணத்தைப் பார்த்து 14,500 என்று திருத்தி 10:06க்குச் சேமிக்கிறார். இரண்டாமவர் தேதியில் ஒரு பிழையைக் கண்டு திருத்தி 10:09க்குச் சேமிக்கிறார். அவர் தொகையைத் தொடவே இல்லை. ஆனால் சேமிக்கும்போது படிவம் முழுவதும் போகிறது, பழைய 15,400 உட்பட. திருத்திய தொகை அழிந்துவிட்டது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. இருவருமே தங்கள் வேலையைச் சரியாகச் செய்தவர்கள்.

க்ளெய்ம் செய்தால்தான் திறக்கும் என்று வைத்துவிட்டால் இதில் பெரும்பகுதி நின்றுவிடும். ஆனால் அது மட்டும் போதாது; சூப்பர்வைசரோ வேறொரு தானியங்கி நிரலோ இடையில் அதே பதிவைத் தொடலாம். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பதிப்பு எண் இருக்க வேண்டும். திறக்கும்போது 7 என்றால், சேமிக்கும்போதும் 7 ஆகவே இருந்தால்தான் ஏற்கும். ஏற்றபின் 8 ஆகிவிடும். மேலே சொன்ன இரண்டாமவர் 7ஐ வைத்துக்கொண்டு சேமிக்க வந்தால், 'இந்தப் பதிவை வேறொருவர் மாற்றியிருக்கிறார், மீண்டும் பாருங்கள்' என்று நிறுத்திவிடும். உங்கள் மென்பொருள் சொந்தமாக எழுதியது என்றால் இன்னொன்றையும் கேளுங்கள்: இரண்டு பேர் ஒரே நொடியில் 'அடுத்தது' அழுத்தினால் என்ன ஆகும்? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2016இல் வெளியான 9.5 பதிப்பிலிருந்து 'ஸ்கிப் லாக்டு' என்ற வசதி இருக்கிறது. ஒருவருக்காகப் பூட்டிய வரியை விட்டுவிட்டு அடுத்த வரியை மற்றவருக்குக் கொடுக்கும். எழுதுபவருக்கு இது சிறிய வேலை.

பொறுக்கி எடுப்பதைத் தடுக்க அறிவுரை உதவாது. பட்டியலைக் காட்டாமல் இருப்பது உதவும். பட்டியலைப் பார்த்தால் யாருமே எளிதானதைத்தான் தொடுவார்கள், அது மனித இயல்பு. 'அடுத்தது' மட்டும் இருக்கட்டும். வரிசை முறை, கெடு நெருங்கியது முதலில், கெடு ஒன்றாக இருந்தால் முதலில் வந்தது முதலில். கூடவே 'தவிர்' என்று ஒரு பொத்தானும் வேண்டும். ஆவணம் திறக்கவில்லை, எனக்குத் தெரிந்தவரின் பதிவு, எனக்குப் புரியாத வகை என்று உண்மையான காரணங்கள் இருக்கும். காரணத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் தவிர்க்க முடியும் என்று வையுங்கள். தவிர்த்தது அவரிடமே திரும்ப வரக்கூடாது. இரண்டு பேர் தவிர்த்த பதிவு அனுபவசாலி ஒருவரின் வரிசைக்குப் போகட்டும். வாரக் கடைசியில் அந்தக் காரணங்களை எண்ணிப் பாருங்கள். ஸ்கேன் தரம் பற்றி யாரிடம் பேச வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு தடவைக்கு எத்தனை கொடுப்பது? ஒவ்வொன்றாகக் கொடுத்தால் திரை மாறுவதிலேயே நேரம் போகும். ஐம்பது கொடுத்தால் பழைய கதை திரும்பும். ஐந்து முதல் பத்து வரை நல்ல அளவு. ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியமானது எதை ஒன்றாகக் கட்டுகிறோம் என்பது. ஒரே ஆவணத்திலிருந்து நான்கு பதிவுகள் வந்தால் நான்கும் ஒருவரிடமே போக வேண்டும். இல்லையென்றால் நான்கு பேர் அதே ஆவணத்தைத் திறந்து படிப்பார்கள். முதல் பதிவில் ஒரு பெயரை ஒருவர் ஒரு மாதிரி எழுத, மூன்றாவதில் மற்றொருவர் வேறு மாதிரி எழுதுவார். தரவு அங்கேயே முரண்படும். ஆகவே உங்கள் வேலையின் அலகு பதிவு அல்ல, ஆவணம். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்தாலும் பலன் தெரியும்.

எடுத்துக்கொண்டவர் முடிக்காமல் போனால் பதிவு தானாக வரிசைக்குத் திரும்ப வேண்டும். கணினிகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் அமைப்புகளில் இது பழைய ஏற்பாடு: அமேசானின் எஸ்க்யூஎஸ் வரிசையில் ஒரு செய்தியை ஒரு நிரல் எடுத்தால், வழக்கமாக 30 நொடிகளுக்கு அது மற்றவர் கண்ணில் படாது, அதற்குள் முடித்து நீக்காவிட்டால் மீண்டும் தெரியும். அந்தக் காலத்தை 12 மணி நேரம் வரை கூட்டலாம். மனிதர்களுக்கு இரண்டு மணி நேரம் வையுங்கள். ஆனால் எடுத்த நேரத்திலிருந்து எண்ணாதீர்கள். கடைசியாக அந்தப் பதிவில் ஏதாவது செய்த நேரத்திலிருந்து எண்ணுங்கள். கடினமான ஆவணத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவரிடமிருந்து அதைப் பிடுங்குவது அநியாயம். திரும்பும்முன் ஓர் அறிவிப்பு வரட்டும். பாதி செய்த திருத்தங்கள் வரைவாக நிற்கட்டும், அடுத்தவர் அதிலிருந்து தொடரட்டும். நாள் முடிவில் லாக்அவுட் செய்தால் மிச்சம் உடனே திரும்பட்டும். அதன்பின் விடுப்பு உங்களுக்குத் தலைவலியாக இருக்காது. யாருடைய கையிலும் பத்துக்கு மேல் இருக்காதே.

வகைகள் உண்மையிலேயே வேறு வேறு என்றால் இரண்டு, மூன்று வரிசைகள் வைத்துக்கொள்ளலாம். எட்டு வேண்டாம். ஒரு வகையை ஒருவருக்குத்தான் தெரியும் என்றால் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுங்கள்.

இப்போது மேலாளர் கேட்பது. எல்லாவற்றையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்ற கவலை நியாயமானது. கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஒரு பதிவுக்குச் சராசரி 3 நிமிடம் என்றால் 4,000 பதிவுகளுக்கு 200 மணி நேரம். எட்டுப் பேர், ஐந்து நாள், நாளுக்கு உருப்படியான 6 மணி நேரம் என்றால் கையில் இருப்பது 240 மணி. எல்லாவற்றையும் இருமுறை பார்க்க 400 மணி வேண்டும். அப்படி உத்தரவிட்டால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும்: இரண்டாமவர் பார்க்காமலே 'சரி' போடுவார்.

நேரம் இருந்தாலும் அது நடக்கும், அதற்குக் காரணம் சோம்பல் அல்ல. 2005இல் ஜெரமி வுல்ஃபும் உடன் ஆய்வாளர்களும் நேச்சர் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். படங்களில் ஒரு பொருளைத் தேடச் சொன்னார்கள். பாதிப் படங்களில் அந்தப் பொருள் இருந்தபோது தேடியவர்கள் தவறவிட்டது ஏறத்தாழ 7 சதவீதம். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது தவறவிட்டது ஏறத்தாழ 30 சதவீதம். அரிதாக வருவதைக் கண் தவறவிடும். முதலாமவர் திருத்திச் சுத்தம் செய்த பதிவில் பிழை அரிது; அதைப் பார்க்கும் இரண்டாமவர் இந்த இக்கட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். முதலாமவரின் 'சரி' திரையில் தெரிந்தால் இன்னும் மோசம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மிச்சமுள்ள 40 மணியில் 35 மணியை இரண்டாவது பார்வைக்கு வைத்தால் 700 பதிவுகள் பார்க்கலாம். அதில் 300, தவறினால் பெரிய பாதிப்பு வரக்கூடியவை: பெரிய தொகை, அடையாளத்தை மாற்றும் திருத்தம் போன்றவை. மீதி 400, முதல் பார்வை முடிந்தபின் மென்பொருள் குலுக்கி எடுத்தவை. குலுக்கலில் 'சரி' என்று போனவையும் இருக்க வேண்டும், திருத்தியவை மட்டும் போதாது. மிச்சம் 5 மணி கருத்து வேறுபாடுகளைத் தீர்க்க. இரண்டாமவருக்கு மூலப் பதிவும் ஆவணமும் மட்டும் தெரியட்டும். முதலாமவர் என்ன செய்தார், அவர் யார் என்பது தெரியக்கூடாது. அதே ஆள் இரண்டாவது பார்வைக்கு வராதபடி மென்பொருளே தடுக்க வேண்டும், நம்பிக்கையில் விடக்கூடாது. ஜோடிகளை நிரந்தரமாக வைக்காதீர்கள். சேர்ந்தே பார்க்கும் இருவருக்கு ஒரே தவறான பழக்கம் தொற்றிக்கொள்ளும்.

இருவரும் வேறுபட்டால் மூன்றாமவர் முடிவு சொல்வார். முடிவை மட்டும் பதியாமல், அதற்கான விதியையும் ஒரு வரியில் எழுதி எல்லோரும் பார்க்கும் தாளில் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு தேதி இருந்தால் எதை எடுப்பது என்ற கேள்வி மூன்று முறை மூன்றாமவரிடம் வந்தால் அது யாருடைய தவறும் அல்ல, விதி எழுதப்படவில்லை என்றுதான் பொருள். நான் பார்த்தவரை கருத்து வேறுபாடுகளில் பெரும்பகுதி இந்த வகைதான்.

இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அளக்கும்போது ஒரு கண்ணியில் விழாதீர்கள். 'சரி', 'சரியில்லை' என்ற இரண்டே தீர்ப்புகள் என்று வைத்துக்கொள்வோம். இருவருமே 90 சதவீதப் பதிவுகளுக்கு 'சரி' போடுபவர்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் 82 சதவீதம் ஒத்துப்போகும்: 0.9 பெருக்கல் 0.9, அதோடு 0.1 பெருக்கல் 0.1. அப்படியிருக்க, '85 சதவீதம் ஒத்துப்போகிறது' என்று அறிக்கையில் எழுதினால் அழகாகத் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த கப்பா என்ற அளவு இந்தத் தற்செயலைக் கழித்துவிட்டுப் பார்க்கிறது. 85இலிருந்து 82ஐக் கழித்தால் 3. 100இலிருந்து 82ஐக் கழித்தால் 18. மூன்றைப் பதினெட்டால் வகுத்தால் 0.17. முழு ஒற்றுமை என்றால் 1 வரும். 0.17 என்றால் தற்செயலைவிடச் சற்றுத்தான் கூடுதல்; இருவரும் ஒரே விதியைப் பின்பற்றுகிறார்கள் என்று சொல்ல முடியாது.

மேலாளரின் மனநிம்மதிக்கு ஒரு எளிய கணக்கும் உண்டு. குலுக்கி எடுத்த 300 பதிவுகளில் ஒரு பிழைகூடத் தென்படவில்லை என்றால், முழுத் தொகுதியின் பிழை விகிதம் 1 சதவீதத்தைத் தாண்டாது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். பார்ப்பவர்கள் பிழையைத் தவறவிடாமல் இருந்தால்தான் இது செல்லும். அதனால்தான் மறைத்துக் காட்டுவதில் இவ்வளவு கண்டிப்பு காட்டுகிறேன். இதே காரணத்துக்காக, விடை தெரிந்த பிழைப் பதிவுகள் சிலவற்றை வரிசையில் கலந்து விடுவதும் நல்லது. அரிதானது அடிக்கடி வந்தால் கண் விழிப்பாக இருக்கும். ஆனால் கலக்கிறோம் என்பதைக் குழுவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்தால் அது வேவு பார்ப்பது.

யார் எத்தனை முடித்தார்கள் என்ற பட்டியலை நான் கொடுக்கமாட்டேன். நீங்களும் கொடுக்காமல் இருக்க வாதாடுங்கள். வரிசையிலிருந்து எடுக்கும் முறையில் ஒருவருக்குக் கடினமானவை தொடர்ந்து வந்த நாளில் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் 'தவிர்' பொத்தான் தேயும், 'சரி' பொத்தானும் தேயும். அதற்குப் பதிலாக மூன்று எண்களைக் காட்டுங்கள்: வரிசையில் இப்போது எத்தனை, மிகப் பழையது எத்தனை நாள் பழையது, இரண்டாவது பார்வையில் ஒற்றுமை எவ்வளவு. முதலாவது எண்ணிலிருந்தே காத்திருப்பும் தெரிந்துவிடும். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி அது: வரிசையில் சராசரியாக நிற்பவற்றை, நாளுக்கு வருபவற்றால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு. நாளுக்கு 800 வந்து, வரிசையில் 1,600 நின்றால் ஒரு பதிவு இரண்டு நாள் காத்திருக்கிறது. மேலாளருக்கு உண்மையில் தெரிய வேண்டியது இதுதான்.

இந்த முறையில் ஒரு உண்மையான சங்கடம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. வேகமாகச் செய்பவருக்கு அதிகம் வரும். புதன்கிழமை முடித்துவிட்டு நிம்மதியாக இருந்தவர், இனி வெள்ளிக்கிழமை வரை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் மனம் கசந்தால் அதில் தவறில்லை. முறையை மாற்றுவதற்கு முன் அவரிடம் தனியாகப் பேசுங்கள். இனி நேரம்தான் சமம், எண்ணிக்கை அல்ல என்பதைச் சொல்லுங்கள். கூடுதல் திறமைக்கு ஈடாக மூன்றாமவர் பொறுப்பையோ விதித் தாளைப் பராமரிக்கும் பொறுப்பையோ கொடுங்கள். ஊதியமோ மதிப்பீடோ எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருந்தால், அந்தக் கட்டை அவிழ்க்காமல் வரிசையைத் தொடங்காதீர்கள்.

அடுத்த திங்கட்கிழமை எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். ஒரே ஒரு வகை ஆவணத்தை மட்டும் பொது வரிசைக்குக் கொண்டுவாருங்கள். மற்றவை வழக்கம்போல் போகட்டும். இரண்டு வாரத்தில் 'தவிர்' காரணங்களும் காத்திருப்பு நேரமும் கையில் இருக்கும், அவற்றை வைத்து மேலாளரிடம் பேசலாம். தானாகத் திரும்பும் வசதி உங்கள் மென்பொருளில் இல்லையென்றால், தினமும் மாலையில் 'எடுத்தது, முடிக்காதது' என்று வடிகட்டி, அசைனி புலத்தைக் கையால் காலியாக்குங்கள். கால் மணி நேர வேலை. பதிப்பு எண் சோதனை இல்லையென்றால் அதைக் காத்திருக்க விடாதீர்கள், இன்றே கேட்டு எழுதுங்கள். அதுவரை ஒரே பதிவை இரண்டு பேர் சேமித்த இடங்களை மாற்ற வரலாற்றில் தேடி, ஆவணத்தோடு மீண்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொதுவில் திறந்து வைத்த அந்த ஒரு வாரத்திலிருந்து தொடங்கினால் போதும்.